கரப்புடுப்புப் படை: காடியன் காலாட்களைக் கூத்தராக மாற்றலாமா?

வாவிக்கரை (கல்லடி)

எல்லோருக்கும் வணக்கம். இது ஒரு பிஸ்கட் டின்னால் வந்த வேலை. கொழும்பில் என்னோடு அறையில் இருந்தவன் வெளிநாடு போகும்போது, "உனக்குத்தானே இதெல்லாம் பிடிக்கும்" என்று கையில் தந்துவிட்டுப் போனான். திறந்தால் வார்ஹேமர் 40,000 என்ற மேசைப் போர் விளையாட்டின் பழைய காடியன் காலாட்கள், அந்தக் கதையில் வருகிற ஒரு படையின் சின்னப் பிளாஸ்டிக் உருவங்கள், 20 பேர். நாலு பேருக்குக் கையில்லை, ஒருவனுக்குத் தலையில்லை. எல்லோர் மேலும் தடித்த பச்சைப் பூச்சு. கண் எது, மூக்கு எது என்று தெரியாது.

மேசையில் கவிழ்த்து நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். பச்சைச் சீருடை, தலைக்கவசம், துவக்கு, வரிசையாக 20 பேர். ஒன்றும் கேட்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். எதையும் கேட்காமல் போகிறவர் அல்ல அவர். அன்றிரவே எல்லாவற்றையும் டின்னுக்குள் போட்டு மூடிவிட்டேன்.

பிறகு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஒரு வடமோடிக் கூத்துக்குப் போனேன், எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்து வகை ஒன்று. நடுச்சாமம் தாண்டி அரசன் வரவு. கரப்புடுப்பு கூடு போல விரிந்து சுழல்கிறது, தோளிலும் தலையில் வைத்த அரச முடியிலும் கண்ணாடித் துண்டுகள் மின்னுகின்றன. அப்போதுதான் பொறி தட்டியது. அகன்ற தோள், ஒடுங்கிய இடுப்பு, தலைக்கு மேலே இன்னொரு தலை அளவுக்கு முடி. விண்வெளிக் கவசம் வேறு எப்படி இருக்கும்?

கதையும் யோசித்துவிட்டேன். வாவிக்கரையிலிருந்து எப்போதோ புறப்பட்ட ஒரு கப்பல், தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டே இருக்கிறது. சண்டை எது, கூத்து எது என்ற வித்தியாசமே மறந்துபோன ஒரு சனம். 20 பேருக்கும் கரப்புடுப்பு, 20 பேருக்கும் முடி, முடியில் உண்மையான கண்ணாடித் தாள். 28 மில்லிமீட்டர் உருவத்துக்கு இதை எதில் செய்வது? பழைய பச்சையை எப்படிக் கழற்றுவது? இதற்குமுன் நான் பூசியது ஒரே ஒரு விமானம். அதுவும் கோணல்.


முதல்பூச்சு (கல்முனை)

தம்பி, கதை நல்லாயிருக்கு. முதலில் பச்சையைக் கழற்று.

டெட்டோல், தண்ணீர் கலக்காத பழுப்பு நிற டெட்டோல். ஜாம் போத்தலில் உருவங்களைப் போட்டு மூழ்கும்வரை ஊற்றி ஒரு நாள் விடு. அக்ரிலிக் பூச்சாக இருந்தால் தோல் உரிவது போல வரும். பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அது ஒன்றும் செய்யாது. கையுறை போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்.

எல்லோரும் பிழை விடுகிற இடம் இதுதான்: உரிந்த பூச்சு உருவத்தில் இருக்கும்போது பைப்புக்குக் கீழே பிடிக்காதே. தண்ணீர் பட்டதும் அது தாரைப் போல ஒட்டிக்கொள்ளும், பிறகு கழற்றவே முடியாது. தேய்ப்பதும் டெட்டோலில், முதல் அலசலும் புது டெட்டோலில். எல்லாம் போன பிறகுதான் சவர்க்காரத் தண்ணீர். நான் முதல் தடவை பைப்புக்குப் பிடித்த பத்துப் பேர் இன்னமும் ஒரு டப்பாவில் ஒரே உருண்டையாக இருக்கிறார்கள். எங்கள் வீடு ஒரு கிழமை ஆஸ்பத்திரி வாசம் அடித்தது, அது வேறு கதை.

கரப்புக்குப் பிறகு வருகிறேன்.


பிடிவாதி (அக்கரைப்பற்று)

நான் சொல்லப்போவது பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். ஒரு விமானம் பூசியவர் 20 உருவங்களை அடிமுதல் மாற்றப் போகிறார். இங்கே இப்படித் தொடங்கிய எத்தனையோ பதிவுத் தொடர்கள் மூன்றாவது உருவத்தோடு நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். முதலில் ஐந்து பேரை எந்த மாற்றமும் செய்யாமல் சுத்தமாகப் பூசுங்கள். மெல்லிய பூச்சு இரண்டு, பள்ளங்களில் கருஞ்சாயம், விளிம்பில் வெளிச்சக் கோடு. அது வந்தால் பிறகு கூத்து ஆடலாம்.

இன்னொன்று. ஆயுதம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது மேசை மரியாதை. எதிரில் இருப்பவர் பார்த்தவுடன் இவன் கையில் இருப்பது என்ன என்று அறிய வேண்டும். பாவாடையும் முடியும் போட்டு மறைத்தால் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். மாறுவேடப் போட்டிக்கும் படைக்கும் வித்தியாசம் இருக்கிறது.


நண்டுக்கால் (திருக்கோவில்)

மச்சான், நீ செய். பிடிவாதி அண்ணன் எல்லோருக்கும் இதைத்தான் சொல்வார்.

ஆனால் ஒன்று. கண்ட கண்ட பொருளை உருவத்தில் ஒட்டாதே. என் பெயரைப் பார். வேற்றுக்கிரகப் பூச்சிப் படை ஒன்று செய்ய ஆசைப்பட்டு, வாவி நண்டின் சின்னக் கொடுக்குகளைக் காயவைத்து, சுப்பர் குளூ போட்டு, அழகாக ஊதா பூசி அலுமாரியில் வைத்தேன். ஓடு காய்ந்ததுதான், உள்ளே சதை இருந்ததை யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் எறும்பு சுவரில் வரிசை கட்டியது. கொடுக்குக்குள் போய் வெளியே வந்து, படை நடத்தியது அதுகள்தான். மணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அன்றிலிருந்து வீட்டில் என் பொழுதுபோக்குக்குப் பெயர் "நண்டு விளையாட்டு".


சதங்கை (படுவான்கரை)

தம்பி வாவிக்கரை, நான் பெயின்ட் அடிக்கிற ஆள் இல்லை. தம்பிமார் அடிப்பதைப் பார்க்க வருகிறவள். என் மாமா அண்ணாவியார், கூத்துப் பழக்குகிறவர், அதனால் ஒரு திருத்தம்.

20 பேருக்கும் கரப்புடுப்பு என்கிறீர். கரப்பு வடமோடியில் அரசருக்குரிய உடுப்பு. சேவகன், முனிவர், வேடன், பெண் பாத்திரங்கள் எல்லாம் வேறு வேறு. எல்லோருக்கும் கரப்பைப் போட்டால் எல்லோரும் அரசர். பிறகு யார் சேவகம் செய்வது? மாமாவிடம் கேட்டேன், சிரித்துவிட்டு, "அரசன் வரவு எடுபட வேணுமெண்டா மற்றவன் சாதாரணமா நிக்க வேணும்" என்றார்.

பெயரையும் யோசித்துப் பாரும். கரப்பு என்றால் மீன் பிடிக்கிற கூடு, கோழியை மூடுகிற கூடு. உள்ளே வளையம் கட்டி விரியவைத்து மேலே துணி போட்டதால்தான் அந்தப் பெயர். அது தொங்கக்கூடாது, நிற்க வேண்டும். காலுக்குக் கீழே போகவும் கூடாது. கால் தெரியாவிட்டால் சதங்கை தெரியாது, ஆட்டமும் தெரியாது.

பிடிவாதி ஐயா மாறுவேடம் என்றதற்கு ஒரு பதில். கூத்து வட்டக்களரியில் ஆடுவது. நாலு பக்கமும் சனம். முந்தி பந்த வெளிச்சம், பிறகு பெற்றோல்மாக்ஸ். கடைசி வரிசையில் பாயில் சாய்ந்து கிடக்கிற கிழவிக்கும், அரை நித்திரையில் கண்ணைத் திறந்தால், வந்து நிற்பது யார் என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் அந்தத் தோளும் முடியும் கண்ணாடியும். நீங்கள் சொன்ன மேசை மரியாதையும் அதுதானே?


பிடிவாதி (அக்கரைப்பற்று)

கடைசிப் பந்தியை ஏற்றுக்கொள்கிறேன். உண்மையில் நன்றாகப் பிடித்தீர்கள். 28 மில்லிமீட்டர் உருவத்தை நாங்கள் மேசையில் ஒரு கை தூரத்துக்கும் அப்பால் இருந்து பார்க்கிறோம். இவ்வளவு சின்னப் பொருளில் இயற்கை வெளிச்சம் போடுகிற நிழல் போதாது. அதனால்தான் நிழலை இன்னும் இருட்டாகவும் மேட்டை இன்னும் வெளிச்சமாகவும் நாமே பூசிக் காட்டுகிறோம். அரங்கில் முகத்துக்கு அரிதாரம் போடுவதும் அதே கணக்கு.

சரி. அரசர் நாலு பேர், மற்றவர் சாதாரணம் என்றால் எனக்குப் பிரச்சினை இல்லை. முடிக்கவும் முடியும்.

கண்ணாடித் தாளை மட்டும் விட்டுவிடுங்கள். இந்த அளவில் தாளின் கனமே ஒரு கவசத் தகட்டின் கனம்.


முதல்பூச்சு (கல்முனை)

தங்கச்சி சதங்கை சொன்னதுக்குப் பிறகு வேலை லேசாகிவிட்டது. கரப்பு "நிற்க வேண்டும்" என்றதால், டிஷ்யூத் தாளில் பசை தடவிச் செய்கிற முறை சரிவராது. அது தொங்குகிற துணிக்குத்தான். இங்கே தகடு வேண்டும்.

தகட்டுக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. யோகட் கோப்பையின் அடியைப் பார். முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் பொலிஸ்டைரீன், உன் காடியன் ஆட்கள் செய்யப்பட்ட அதே சாதி. பிளாஸ்டிக் சிமெந்து போட்டால் இரண்டும் உருகி ஒன்றாகிவிடும். 5 என்று இருந்தால் பொலிபுரோப்பிலீன், எந்தப் பசையும் பிடிக்காது, பெயின்டும் உரியும். சாப்பிட்டுவிட்டு எறிந்துவிடு.

இப்போது கணக்கு. கவராயத்தில் ஒரே மையத்தில் இரண்டு வட்டம் போடு. உள்வட்டத்தின் ஆரை 9 மில்லிமீட்டர், வெளிவட்டம் 20. அதைச் சரிபாதியாக வெட்டினால் அரைவட்ட வளையம் ஒன்று கிடைக்கும். அதைச் சுருட்டி ஓரம் சேர்த்தால் இடுப்பில் 9 மில்லிமீட்டர் அகலம், கீழ் விளிம்பில் 20 மில்லிமீட்டர் அகலம், 11 மில்லிமீட்டர் சரிவு. காடியனின் இடுப்புக்கு அது கச்சிதம். முன்பக்கம் சின்னதாக ஒரு வெட்டு விட்டால் முழங்கால் தெரியும். ஓரம் சேரும் இடத்தை முதுகுப் பக்கம் வை, அங்கே பொதி வந்து மறைக்கும். சுருட்டுவதற்கு முன் ஒரு தூரிகைக் காம்பில் தகட்டை நாலு தரம் இழு, வளைவு பழகும். இல்லாவிட்டால் வெடிக்கும்.

25 மில்லிமீட்டர் அடித்தட்டில் 20 மில்லிமீட்டர் பாவாடை நிற்கும், ஆனால் பக்கத்தில் இருப்பவனோடு முட்டும். அரசர் நாலு பேரையும் 32இல் ஏற்று. தனியாகத் தெரிவார்கள்.

விளிம்பில் குஞ்சம் வேண்டுமென்றால் எபொக்சி மாவு. நீலமும் மஞ்சளும் சம அளவு பிசைந்து பச்சையாகிற அந்த மாவு கிடைத்தால் நல்லது. பிசைந்த பிறகு ஒரு மணித்தியாலமாவது வேலைசெய்ய விடும். ஹார்ட்வெயார் கடையில் குழாய் ஓட்டை அடைக்க விற்பது சில நிமிடத்தில் கல்லாகிவிடும், மொத்தையான இடத்துக்கு மட்டும். கருவியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு வேலைசெய், ஒட்டாது.

முக்கியமானது: வாள், ஈட்டி, முடி, எது நீட்டிக்கொண்டு நிற்கிறதோ அதற்குள் கம்பி வை. 1 மில்லிமீட்டர் துளை போட்டு, பேப்பர் கிளிப்பை வெட்டி உள்ளே விட்டு ஒட்டு. சுப்பர் குளூ இழுவைக்குத் தாங்கும், பக்கத்திலிருந்து ஒரு தட்டுத் தட்டினால் பட்டென்று விட்டுவிடும்.


வாவிக்கரை (கல்லடி)

முதல்பூச்சு காக்கா, சதங்கை அக்கா, பிடிவாதி ஐயா, நன்றி. இரண்டு கிழமை கழித்து வருகிறேன். நிலைமை இது.

டெட்டோல் வேலை செய்தது. 20 பேரும் சாம்பல் நிறத்தில் புதுப்பிறவி எடுத்துவிட்டார்கள்.

யோகட் ஆறு கோப்பை சாப்பிட்டேன். அதில் நாலு 5ஆம் நம்பர். சாப்பிடுவதற்கு முன் அடியைப் பார்த்திருக்கலாம்.

பிளாஸ்டிக் சிமெந்து இங்கே கிடைக்கவில்லை. "சிமெந்துதானே" என்று ஹார்ட்வெயாரில் பிவிசி குழாய் ஒட்டுகிற சிமெந்தை வாங்கி ஒரு அரசனின் தலையை ஒட்டினேன். ஒட்டியது. அத்தோடு தாடை, கன்னம், ஒரு காது எல்லாம் மெழுகாகிக் கழுத்தில் வழிந்துவிட்டது. இப்போது அவன் முகமூடி போட்ட அரசன். மாவில் ஒரு பூதமுகம் செய்து மூடிவிட்டேன், மற்ற மூன்று பேரையும் விட அவன்தான் நன்றாக இருக்கிறான்.

படை அமைப்பு இப்படி: அரசர் 4. ஒரு கட்டியகாரன், அவன் கையில் கொடி. ஒரு அண்ணாவியார், கழுத்தில் மத்தளம். அதை அடித்தால் எதிரிக் கவசம் அதிரும், அதாவது ஒலி ஆயுதம். சல்லாரிக்காரர், அதாவது கைத்தாளம் போடுகிறவர், 2 பேர். மிச்சம் 12 பேரும் பிற்பாட்டுக்காரர், சாதாரண துவக்கோடு.

மத்தளம் எதில் செய்தேன் என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.


நண்டுக்கால் (திருக்கோவில்)

பேனை மூடி.


வாவிக்கரை (கல்லடி)

இல்லை. உடம்பு ஒரு மரப்பாசி, மாலை கோர்க்கிற மரமணி. அதை வெட்டி இரண்டு பக்கமும் அரத்தால் ஒடுக்கினேன், நடுவில் புடைப்பு வந்தது. வார் எல்லாம் தங்கூசி, தூண்டிலுக்குக் கட்டுகிற நைலோன் நூல். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இழுத்துக் கட்டவே ஒரு பின்னேரம் போனது.


எழுவான் (ரொறன்ரோ, முந்தி ஆரையம்பதி)

வாசித்துக்கொண்டே இருந்தேன், மரப்பாசி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இங்கே இந்தப் பொழுதுபோக்குக்காரர் ஒரு மரக்கட்டைத் துண்டுக்கும் பெட்டியோடு காசு கொடுப்பார்கள்.

தம்பி, இந்த விளையாட்டு 1987இல் முதலில் வந்தபோது பெட்டிகளே குறைவு. டியோடரன்ட் போத்தலில் மிதவை வண்டி செய்வது எப்படி என்று, விளையாட்டை வெளியிட்ட கேம்ஸ் வேர்க்ஷொப் கொம்பனியே தன் சஞ்சிகையில் காட்டியது. யோகட் கோப்பையும் மரப்பாசியும் அந்தப் பரம்பரைதான். பிடிவாதி கவனிக்க.

விதி பற்றி ஒன்று. அந்தக் கொம்பனி நடத்துகிற போட்டிகளில் வேறு இடத்து உருவங்களை ஏற்க மாட்டார்கள். உனக்கு அந்தக் கவலை இல்லை. வீட்டு மேசைக்கு கிரிம்டார்க் ஃபியூச்சர் என்ற இன்னொரு விளையாட்டின் விதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்தக் கொம்பனி உருவமும் வைக்கலாம், அடிப்படை விதிகள் சில பக்கங்கள்தான். பக்கத்து வீட்டுப் பொடியனுக்கும் ஒரு பின்னேரத்தில் சொல்லிக்கொடுக்கலாம்.

ஸ்பிரே பிரைமர், அதுதான் நிறத்துக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு, வாங்கி அனுப்பவா என்று கேட்க நினைத்தேன். அழுத்தக் குப்பியை விமானத் தபாலில் எடுக்க மாட்டார்கள். தூரிகை வேண்டுமென்றால் யாராவது வரும்போது பார்க்கலாம். நிறம் என்ன யோசித்திருக்கிறாய்?


வாவிக்கரை (கல்லடி)

பிற்பாட்டுக்காரருக்குச் சாம்பல் பச்சையில் வரி வரியாக உருமறைப்பு போடலாமா என்று இருக்கிறேன். கண்டல் காட்டுக்குள் நிற்கிற மாதிரி.


முதல்பூச்சு (கல்முனை)

வேண்டாம் தம்பி. வரியும் வேண்டாம், பச்சையும் வேண்டாம். ஏனென்று நான் எழுதத் தேவையில்லை. உன் முதல் பதிவின் இரண்டாவது பந்தியை நீயே இன்னொருதரம் வாசி.


வாவிக்கரை (கல்லடி)

வாசித்தேன் காக்கா. சரி.


சதங்கை (படுவான்கரை)

மாமாவின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சிவப்பு, கரும்பச்சை, கத்தரிப்பூ, மஞ்சள், எல்லாவற்றிலும் வெள்ளி. ஒரு உடுப்பிலேயே இவ்வளவும். பகலில் பார்த்தால் கண் கூசும், ராத்திரி வெளிச்சத்தில்தான் அடங்கும். பிற்பாட்டுக்காரர் அநேகமாக வெள்ளை வேட்டி. அந்த 12 பேருக்கும் வெள்ளை கொடுத்தால் நடுவில் நாலு அரசரும் எரிவார்கள்.


பிடிவாதி (அக்கரைப்பற்று)

வெள்ளை பூசுவது கறுப்பு பூசுவதை விடக் கஷ்டம். நேராக வெள்ளையைப் பூசினால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும். வெளிர் சாம்பலில் தொடங்குங்கள், கொஞ்சம் மண்நிறம் கலந்த சாம்பல். மடிப்புகளில் மெல்லிய பழுப்புச் சாயம். பிறகு மேடுகளில் மட்டும் தந்த வெள்ளை. சுத்த வெள்ளையை விளிம்பில் ஒரு கோடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவனுக்கு நாலு நிலை. 12 பேரையும் வரிசையாக வைத்து ஒவ்வொரு நிலையாகச் செய்தால் களைக்காது.

கண்ணாடிக்கு: முதலில் முடி முழுக்க நடுச் சாம்பல். கண்ணாடி வர வேண்டிய இடத்தில் சின்னக் கறுப்புச் சதுரம். அதன் கீழ் மூலையில் வெளிர் நீலம், மேல் மூலையில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி. காய்ந்தபிறகு அந்தச் சதுரத்துக்கு மட்டும் பளபள வார்னிஷ். சுற்றியுள்ள இடம் மங்கலாக இருப்பதால் அது மட்டும் வெளிச்சத்தைப் பிடிக்கும், உருவத்தைத் திருப்பினால் மின்னும். கண்ணாடித் தாள் செய்யாததை இது செய்யும்.

ஆமாம், நான்தான் மாறுவேடம் என்றேன். எழுவான் நினைவூட்டத் தேவையில்லை.


வாவிக்கரை (கல்லடி)

அவசர உதவி. பிரைமர் அடித்தேன். வாகனத்துக்கு அடிக்கிற மங்கல் சாம்பல் ஸ்பிரே. நேற்றுப் பின்னேரம் ரெண்டு மணி, நல்ல வெயில், வெட்டவெளி. இன்று தொட்டுப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. முகமெல்லாம் மண் ஒட்டியது போல இருக்கிறது. குப்பி பழசா?


முதல்பூச்சு (கல்முனை)

குப்பியில் பிழையில்லை. கச்சான் காற்றில் அடித்திருக்கிறாய்.

இதை யாரும் வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லமாட்டார்கள், அவர்களுக்குக் கச்சான் தெரியாது. அவர்கள் "ஈரமில்லாத, வெப்பமான நாளில் அடியுங்கள்" என்பார்கள். அதை நம்பி இங்கே வைகாசி, ஆனி, ஆடியில் மத்தியானம் அடித்தால் இதுதான் நடக்கும். மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு மலையிறங்கி வருகிற காற்று அது. காய்ந்து, சூடேறி வரும். குப்பியிலிருந்து புறப்பட்ட துளி உருவத்துக்கு வந்து சேரும் முன்பே காற்றில் காய்ந்து பொடியாகிவிடும். பொடிதான் போய் ஒட்டும். அதோடு அந்தக் காற்று கொண்டுவருகிற புழுதி.

இந்தக் காலத்தில் நான் காலையில்தான் அடிப்பேன். பனி ஈரம் போயிருக்க வேண்டும், காற்று எழும்பியிருக்கக்கூடாது. எட்டு, எட்டரை. உருவங்களை ஒரு பழைய பெட்டிக்குள் ஒட்டி, வழக்கமான 30 சென்டிமீட்டரை விட்டு 20க்குக் கிட்ட வந்து, சின்னச் சின்ன வீச்சாக. ஒரே இடத்தில் நின்று அடித்தால் அந்த வாகன ஸ்பிரேயின் தின்னர் பிளாஸ்டிக்கையே கடிக்கும்.

மாரிக்கு வேறு பிரச்சினை. கார்த்திகை, மார்கழியில் ஸ்பிரேயைத் தொடவே மாட்டேன். குப்பியிலிருந்து வருகிற வாயு சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கும், காற்றில் இருக்கிற ஈரம் பூச்சில் படியும். பிரைமராக இருந்தால் ஒட்டாது. மங்கல் வார்னிஷாக இருந்தால் முழு உருவமும் பால் ஊற்றியது போல வெளுக்கும். ஒரு மாத வேலை ஒரு வீச்சில் போன கதை என்னிடம் உண்டு. அப்படி வெளுத்தால் அழாமல், நல்ல வெயில் நாளுக்குக் காத்திருந்து பளபள வார்னிஷை ஒரு கை பூசு. அநேகமாக நிறம் திரும்பி வரும். அது காய்ந்த பிறகு மறுகா மங்கலைத் தூரிகையால் பூசு. மாரிக்குத் தூரிகைப் பிரைமர்தான் வழி.

பூசும்போதும் இதே கச்சான்தான் எதிரி. தட்டில் வைத்த அக்ரிலிக் பாட்டு ஒன்று முடியமுன் தோல் கட்டும். ஈரத்தட்டு செய்: மூடி உள்ள சாப்பாட்டுப் பெட்டி, உள்ளே நனைத்த பஞ்சுத் துண்டு, அதன்மேல் கேக் செய்கிற எண்ணெய்த்தாள். பெயின்டை அந்தத் தாளின்மேல் வை. கீழிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கும், மூடி வைத்தால் மறுநாளும் பாவிக்கலாம். நம்முடைய சூட்டில் மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும், தண்ணீரை மாற்று. ஒரு செப்புக் கம்பித் துண்டை உள்ளே போட்டால் குறையும்.

இப்போதைக்கு அந்தச் சொரசொரப்பு: முகங்களை மட்டும் கடினமான பல்துலக்கியால் உலர்வாகத் தேய்த்துப் பார். போகாவிட்டால் அந்த உருவங்களுக்கு மண்ணும் துருவும் படிந்த கவசம் கொடு. சொரசொரப்பு அங்கே உனக்கு உதவிதான்.


நண்டுக்கால் (திருக்கோவில்)

துரு என்றால் நான் வருவேன். கடற்கரையில் கிடக்கிற பழைய நங்கூரத்தைப் பார்த்துப் பூசு, வீடியோவைப் பார்க்காதே. துரு ஒரே செம்மஞ்சள் இல்லை. பழைய துரு கிட்டத்தட்டக் கறுப்புக் கலந்த பழுப்பு, புதுத் துருதான் செம்மஞ்சள், அதுவும் தண்ணீர் தேங்குகிற மூலையில் மட்டும். முதலில் கரும்பழுப்பு, அதன்மேல் கிழிந்த பஞ்சால் ஒற்றி ஒற்றிச் செம்பழுப்பு, கடைசியில் செம்மஞ்சள் பத்துப் புள்ளி போதும்.

பூச்சு உரிந்த மாதிரி வேண்டுமா? துருநிறம் காய்ந்ததும் வார்னிஷ் பூசி, அது காய்ந்தபின் தலைமயிருக்கு அடிக்கிற ஸ்பிரே ஒரு வீச்சு. அதன்மேல் கவச நிறம். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் ஈரத் தூரிகையால் விளிம்பைத் தேய். தண்ணீரில் அந்த ஸ்பிரே கரைந்து மேல்நிறம் செதில் செதிலாக விடும். அக்காவின் ஸ்பிரேயை எடுத்துவிட்டு நான் வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

அடித்தட்டுக்குக் கல்லடிக் கடற்கரை மண் எடுக்கப்போகிறாய் என்று தெரியும். எடு. ஆனால் நாலைந்து தரம் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவை. உப்பு இருந்தால் மாரியில் ஈரத்தை இழுத்துப் பூச்சைக் கிளப்பும். கண்டல் வேருக்குக் கட்டுக்கம்பி. புல்லுக்குத் தும்பு, அது எறும்புக்கு வேண்டாம்.


வாவிக்கரை (கல்லடி)

மூன்று மாதம் ஆகிவிட்டது. படம் பிறகு போடுகிறேன், இப்போது மின்சாரம் போகப்போகிறது.

12 பிற்பாட்டுக்காரரும் முடிந்தார்கள். பிடிவாதி ஐயா சொன்ன நாலு நிலை, வரிசையாக. ஏழாவது ஆளில் கை தானாகப் பழகிவிட்டது. முதல் மூன்று பேரையும் ஏழாவது ஆளுக்குப் பக்கத்தில் வைக்க வெட்கமாக இருந்தது, திருப்பிப் பூசினேன். சொரசொரப்புப் பட்டவர்களில் இரண்டு பேர் துருப்பிடித்த சல்லாரிக்காரர் ஆனார்கள். அண்ணாவியாரின் மத்தளத் தோலில் நடுக் கறுப்பு வட்டம் மூன்றாம் தடவைதான் வட்டமாக வந்தது.

அரசர் நாலு பேர். கரப்பு நிற்கிறது, தொங்கவில்லை. சதங்கைக்கு எபொக்சி மாவில் உருண்டைகள் உருட்டி ஒட்டினேன், ஒரு காலுக்கு ஐந்து. அதற்குமேல் என் கண்ணால் முடியாது. கண்ணாடிச் சதுரம் ஒரு முடிக்கு ஒன்பது. விளக்கை அணைத்துவிட்டு மெழுகுதிரி ஒன்று கொளுத்தி மேசையைச் சுற்றி நடந்து பார்த்தேன். மின்னுகிறது. பூதமுகம் போட்ட அரசன் தான் எல்லோரையும் விட.

அம்மா வந்தார். லைட்டைப் போட்டுவிட்டு, "கரண்ட் இருக்கேக்க ஏன் மெழுகுதிரி?" என்றார். பிறகு குனிந்து பார்த்தார். "இவன் ஆர், தருமரா துரியோதனனா?" நான் இன்னும் பெயர் வைக்கவில்லை என்றேன். "முடி உயரம் காணாது" என்றார். அவரும் சின்ன வயதில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். எந்த ஊரில் எந்த அரசனுக்கு யார் ஆடினார்கள் என்று ஒரு மணித்தியாலம் சொன்னார். நான் தூரிகையைக் கழுவ மறந்துவிட்டேன், மயிர் எல்லாம் கட்டிப்போய்விட்டது.


சதங்கை (படுவான்கரை)

அம்மா சொன்னது சரி. முடி காணாது. படம் பார்க்காமலே சொல்கிறேன்.


முதல்பூச்சு (கல்முனை)

தூரிகையை நல்ல சவர்க்காரத்தில் உருட்டி, முனையைக் கூராக்கி, ஒரு இரவு சவர்க்காரத்தோடு காயவை. பாதி திரும்பி வரும். வராவிட்டால் அது இனி உலர்பூச்சுத் தூரிகை.


வாவிக்கரை (கல்லடி)

காக்கா, இன்னொரு பிரச்சினை. இன்று காலை அம்மா பூதமுக அரசனைப் பக்கத்து வீட்டு அன்ரிக்குக் காட்டக் கொண்டுபோயிருக்கிறார். என்னிடம் கேட்கவில்லை. திரும்பி வரும்போது அரசன் இருக்கிறான், கையில் வாள் இல்லை.


முதல்பூச்சு (கல்முனை)

கம்பி வைத்தாயா?


வாவிக்கரை (கல்லடி)

மற்ற மூன்று பேருக்கும் வைத்தேன்.


முதல்பூச்சு (கல்முனை)

சனிக்கிழமை கல்லடிப் பக்கம் ஒரு அலுவல் இருக்கு. துளைக்கருவியைக் கொண்டுவாறேன். அன்ரி முற்றம் கூட்டமுன்னம் நீ போய் வாளைத் தேடு.